கரண்டியில் நிற்கிற தக்காளி சூப்

எனக்குப் பக்கவாதம் வந்து தேறிய செய்தி தெரிந்து பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கையையும் காலையும் பற்றித்தான் கேட்கிறார்கள். "விரல் மடங்குதா? படி ஏற முடியுதா?" நானும் வலது கையைத் தோள் மட்டத்துக்குத் தூக்கிக் காட்டுகிறேன். அவர்களும் மனநிறைவோடு பழப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்புகிறார்கள். தொண்டையைப் பற்றி இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கோ அதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. வீட்டில் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்விட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ரெட்டியார்சத்திரத்தில் எனக்கு ஒரு கடை இருக்கிறது. கிணற்று மோட்டார், போர் மோட்டார் எரிந்துபோனால் பிரித்து, புதுக் கம்பியைச் சுருளாகச் சுற்றி, 'காயில்' கட்டிக் கொடுப்பது என் தொழில். எது ஓடினாலும் அது எப்படி ஓடுகிறது என்று பிரித்துப் பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டு மானம் போனவன் நான். அப்படிப்பட்டவன் ஐம்பது வயது தாண்டும் வரை, வாயில் போட்ட சோறு எந்த வழியாக, எதைத் தாண்டி வயிற்றுக்குப் போகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அன்று காலை கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். சட்டை நனைந்தது. கிளாசில்தான் விரிசல் என்று நினைத்து அதைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விரிசல் இல்லை. மறுபடி ஒரு மடக்கு குடித்தேன், மறுபடி சட்டையில் வழிந்தது. இது எப்படி என்று நான் ஆராய்ந்துகொண்டிருந்தபோதுதான் என் மனைவியின் தம்பி சகாயம் வந்தான். தக்காளிப் பெட்டிகளோடு திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் போகிற வழி. என் முகத்தைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது.

"மச்சான், வாய் ஒரு பக்கமா இழுத்துருக்கு. எந்திரிங்க, எந்திரிங்க."

எழுந்தேன். வலது கால் வரவில்லை. அவனும் டீக்கடைக்காரரும் என்னைத் தூக்கி லோடு ஆட்டோவில் போட்டார்கள். திண்டுக்கல் வரை தக்காளிப் பெட்டியில் சாய்ந்துகொண்டே போனேன். பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயத்துக்கு நடுவிலும் கையைத் தூக்கு என்று நான் சொல்வதும் கை கேட்காமல் கிடப்பதும் எனக்குப் பெரிய வியப்பாக இருந்தது. ஒயர் எங்கே அறுந்திருக்கும் என்றே மனம் தேடிக்கொண்டிருந்தது.

அதை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தலையை ஒரு பெரிய வளையத்துக்குள் விட்டு ஸ்கேன் எடுத்தார்கள். பக்கவாதத்தில் இரண்டு வகையாம். மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது ஒன்று, வெடித்துக் கசிவது இன்னொன்று. எனக்கு அடைப்பு. சீக்கிரமே கொண்டுவந்துவிட்டதால் அடைப்பைக் கரைக்கிற ஊசி போட முடிந்தது. வலது கையும் காலும் கனத்துத் தொங்கின, பேச்சு குழறியது. ஆனால் நினைவும் புத்தியும் அப்படியே இருந்தன. செலவைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அது எல்லார் வீட்டிலும் ஒரே கதைதான்.

என் கட்டிலுக்கு மேலே ஒரு அட்டை தொங்கவிட்டிருந்தார்கள். 'வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது' என்று அதில் எழுதியிருந்தது. அந்த அட்டையை என் மனைவி ஜெயராணி பல தடவை வாசித்தாள். 'எதுவும்' என்பதற்கு அவளுக்கு ஒரு அர்த்தம் இருந்தது. இட்லி கூடாது, சோறு கூடாது, பிஸ்கட் கூடாது. தண்ணியாக இருக்கிற எதையும் அவள் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. எங்கள் பக்கத்தில் உடம்புக்கு முடியாதவனுக்கு என்ன கொடுப்போம்? கஞ்சித் தண்ணி, இளநீர், ரசத்தின் தெளிவு. நோய் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நீர்த்துக் கொடுப்போம். மெல்ல முடியாதவனுக்குத் தண்ணியாகக் கொடுப்பதுதான் சுலபம் என்பதில் இந்த ஜில்லாவில் யாருக்குச் சந்தேகம் வரும்? எனக்கே வரவில்லை.

அவள் ஃபிளாஸ்க்கில் ரசம் கொண்டுவந்திருந்தாள், தனக்கென்று. மூடியைத் திறந்ததும் மிளகும் பூண்டும் கலந்த அந்த வாசனை என்னை எழுப்பி உட்கார வைத்துவிட்டது. இடது கையால் ஃபிளாஸ்க்கைக் காட்டினேன். அவள் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அடியில கிடக்கிற மண்டி வேணாங்க. தெளிவு மட்டும் செத்த தாரேன். தண்ணிதான, அது பாட்டுக்கு எறங்கிரும்."

ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றி வாயில் வைத்தாள். என்ன சுகம்! இன்னும் என்றேன். கொடுத்தாள். ஒரே ஒரு தடவை லேசாக இருமினேன். மிளகுக் காரம் என்று இருவரும் நினைத்துக்கொண்டோம்.

மறுநாள் நடுக்கிக்கொண்டு காய்ச்சல் வந்தது. மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் கரகரவென்று சத்தம். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பக்கம் வெள்ளையாக இருந்தது. "ஏதாச்சும் குடிக்கக் கொடுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார். ஜெயராணி மறைக்கவில்லை. அவர் திட்டவும் இல்லை. விழுங்குகிற தசைகளும் வாதத்தில் சோர்ந்திருக்கின்றன, குடித்த ரசம் வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலில் சளி கட்டிவிட்டது, நிமோனியா, மருந்தில் சரியாகும் என்று பொறுமையாகச் சொன்னார். அவர் திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் போன பிறகு தன் வலது கையை மடியில் மலர்த்தி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என் கையாலயே குடுத்தேனே," என்றாள். அதற்குப் பிறகு என் வாய்ப்பக்கமே அவள் கையைக் கொண்டுவரவில்லை. உதட்டில் வழிகிற எச்சிலைத் துடைக்கக்கூட நர்சைக் கூப்பிட்டாள்.

மூக்கு வழியாக வயிறு வரை ஒரு மெல்லிய குழாயை விட்டார்கள். பால், சத்துமாவுக் கஞ்சி எல்லாவற்றையும் ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் நிரப்பி அதன் வழியாக ஊற்றினார்கள். பசி அடங்கும். ஆனால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. வயிறு நிறைந்துவிட்டது என்று யாரோ வந்து சொல்லிவிட்டுப் போகிற மாதிரி இருக்கும். பக்கத்துக் கட்டில்காரர் பொட்டலத்தைப் பிரிக்கும்போது நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வேன். ஜெயராணி என் எதிரில் ஒரு நாளும் சாப்பிடவில்லை. வராண்டா கடைசியில் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, வாயைக் கழுவிக்கொண்டு வருவாள்.

காய்ச்சல் தணிந்த பிறகு டாக்டர் எங்கள் இருவரிடமும் விஷயத்தைச் சொன்னார். மூக்குக் குழாயை ரொம்ப நாள் வைத்திருக்க முடியாது, புண்ணாகும். அதற்குள் விழுங்குகிற சக்தி திரும்ப வேண்டும். மதுரைக்கு அனுப்பி, விழுங்கும்போதே எக்ஸ்ரேயில் படம் பிடித்துப் பார்ப்பார்கள். அதில் உணவு சரியான வழியில் இறங்கினால் குழாயை எடுத்துவிடலாம். இறங்காவிட்டால் வயிற்றில் சின்னதாகத் துளை போட்டு நேராக அங்கே குழாய் வைக்க வேண்டும்.

"அப்புறம் எப்ப வாயில சாப்பிடுவேன்?" என்று குழறிக் குழறிக் கேட்டேன்.

"சில பேருக்கு மெதுவாத் திரும்பும். சில பேருக்கு அப்படியே இருந்துரும்," என்றார்.

கை போனாலும் இடது கையால் கம்பி சுற்றப் பழகிக்கொள்ளலாம் என்று எனக்கு ஒரு தைரியம் இருந்தது. இது அப்படி இல்லை. இனி எந்தக் கல்யாண வீட்டிலும் பந்தியில் உட்கார முடியாது. சாகும் வரை சிரிஞ்சில் ஊற்றுவார்கள். அதை நினைத்தபோது முதல் தடவையாக அழுதேன். மூக்கில் குழாயோடு அழுவதும் சிரமம்.

மறுநாள்தான் நஸ்ரின் வந்தாள். ஸ்பீச் தெரபிஸ்ட். பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்கள்தான் விழுங்கவும் பயிற்சி கொடுப்பார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். சின்ன வயசுப் பெண். என் குரல்வளையில் விரல்களை வைத்து, "எச்சில முழுங்குங்க ஐயா," என்றாள். முழுங்கினேன். "இந்த மேடு மேல ஏறி எறங்குதா? அது ஏறும்போதுதான் உள்ள மூச்சுக்குழாய் மூடும்."

"மூடுமா? எதால மூடும்?"

அவள் சிரித்தாள். கேள்வி கேட்கிற நோயாளி அவளுக்குப் பிடித்திருந்தது. ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினாள். தொண்டையில் வழி ஒன்றுதான். கொஞ்சம் கீழே போனதும் இரண்டாகப் பிரிகிறது. முன்னால் இருப்பது மூச்சுக்குழாய், பின்னால் இருப்பது உணவுக்குழாய். மூச்சுக்குழாய் எப்போதும் திறந்தே இருக்கும். விழுங்குகிற அந்த ஒரு நொடி மட்டும் குரல்வளை மேலே ஏற, இலை மாதிரி ஒரு மூடி கவிழ்ந்து அதை அடைத்துவிடும். உணவு அதன் மேல் வழுக்கிப் பின்னால் போய்விடும். மூடி திறக்கும், மறுபடி மூச்சு.

எனக்குப் புல்லரித்துவிட்டது. கிணற்று மோட்டாரில் ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் அடைக்கிற ஃபுட்வால்வு மாதிரி ஒன்றைக் கடவுள் என் கழுத்துக்குள் வைத்திருக்கிறார், நான் அதைத் தெரிந்துகொள்ள வாதம் வர வேண்டியிருந்தது.

"உங்களுக்கு அந்த மூடி மூடுது ஐயா, ஆனா லேட்டா மூடுது. தண்ணி, ரசமெல்லாம் சர்ருனு ஓடிரும். மூடி மூடுறதுக்குள்ள உள்ள போயிரும். கெட்டியா, வழவழப்பா இருந்தா மெதுவா வரும். மூடுறதுக்கு நேரம் கெடைக்கும்."

காலடியில் நின்றிருந்த ஜெயராணி, "அப்ப தண்ணியாக் குடுக்கிறதுதான் ஆபத்தா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. எல்லாரும் தலைகீழாத்தான் நெனைப்பாங்க. எங்க வீட்லயும் காய்ச்சல்னா நோன்புக் கஞ்சிய நீர்க்கக் கரைச்சுத்தான் தருவாங்க."

பயிற்சி தொடங்கியது. நாக்கை மேலண்ணத்தில் அழுத்துவது, பலம் போட்டு எச்சிலை விழுங்குவது, தாடையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு விழுங்குவது. கொஞ்சம் தேறியதும், மூக்குக் குழாய் இருக்கும்போதே வாயிலும் சிறிது கொடுத்துப் பழக்கலாம் என்றாள். கெட்டித் தயிர், மசித்த வாழைப்பழம், இல்லாவிட்டால் கெட்டியான சூப். உப்பு மட்டும் ரத்த அழுத்தத்துக்காகக் கிள்ளிப் போட வேண்டும். உங்களுக்கு எது பிடிக்கும் என்றாள். யோசிக்காமல் தக்காளி சூப் என்றேன். ஓட்டலில் இரண்டு மூன்று தடவை குடித்ததோடு சரி, எங்கள் வீட்டில் செய்ததே இல்லை. தக்காளி விளைகிற வீடு, ரசம் வைப்போம், தொக்கு வைப்போம், சூப் எதற்கு? ஆனாலும் அந்த ரசத்தின் பாதி ருசி நாக்கில் மிச்சம் நின்றுகொண்டிருந்தது.

ஜெயராணி மாட்டவே மாட்டேன் என்றாள். "கேன்டீன்ல வாங்குவோம். என் கையால வேணாம்." கேன்டீன் சூப்பை நஸ்ரின் கரண்டியில் அள்ளிச் சாய்த்தாள். டீ மாதிரி ஓடியது. இது ஆகாது என்று ஒதுக்கிவிட்டாள். வீட்டில்தான் செய்ய வேண்டும். சகாயம் தன் அக்காவிடம், "நீ வைக்கலன்னா நான் வைப்பேன். நான் வச்ச சுடுதண்ணியையே ஒருத்தரும் குடிக்க முடியாது, பாத்துக்க," என்றான். அதற்குத்தான் அவள் எழுந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் சொந்தக்காரர் வீடு. அங்கே அடுப்பு கிடைத்தது. முதல் தடவை அவள் நாட்டுத் தக்காளியில் செய்தாள். ருசிக்கு அதுதான் என்று எங்களுக்கு எண்ணம். கொஞ்சம் சதை, நிறையப் புளிப்புத் தண்ணீர், அதற்கு மேல் விதை. அவள் கொண்டுவந்ததை நஸ்ரின் சாய்த்துப் பார்த்தாள். "அம்மா, இது ரசம்மா. பேர மட்டும் மாத்திருக்கீங்க," என்றாள். ஜெயராணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாதம் வந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் சகாயம் தோட்டத்திலிருந்து ஹைபிரிட் தக்காளி கொண்டுவந்தான். கெட்டித் தோல், கெட்டிச் சதை, லாரியில் சென்னை வரை போனாலும் நசுங்காது. சப்பென்று இருக்கிறது என்று எங்கள் வீட்டில் சாம்பாருக்குக்கூட அதைப் போட மாட்டோம். சூப்புக்கு அதுதான் சரியாக வந்தது. காம்புப்பக்கம் கீறி, நாலு பழத்தை அரை வெங்காயத்தோடும் ஒரு பல் பூண்டோடும் வேக வைத்து, தோலை உரித்து, ஆறியதும் அரைத்து, விதையும் நாரும் இல்லாமல் வடிகட்டி, மறுபடி அடுப்பில் ஏற்ற வேண்டும். இரண்டு கரண்டி சோளமாவைப் பச்சைத்தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைத்து ஊற்றிக் கிண்ட வேண்டும். கொதிக்கும்போது சத்தம் மாறும். கடைசியில் ஒரு கிள்ளு மிளகுத்தூள். கரண்டியில் அள்ளிச் சாய்த்தால் ஓடக் கூடாது. கொஞ்ச நேரம் நின்று, மொத்தமாகத் தொப்பென்று விழ வேண்டும். அவ்வளவுதான் சூப்.

"இதுதான்மா, இதேதான்," என்றாள் நஸ்ரின். தனிக் கரண்டியில் எடுத்து, என் தாடையைக் கீழே இறக்கி, நாலைந்து வாய் கொடுத்தாள். இருமல் இல்லை. குரல் கரகரக்கவும் இல்லை. சூடான ஒன்று நாக்கைத் தாண்டி, தொண்டையைத் தாண்டி, நெஞ்சு வழியாக இறங்கியது.

"எப்டி இருக்கு?" என்றாள் ஜெயராணி.

"நல்லாருக்கு," என்றேன்.

அடுத்த நாளிலிருந்து கிண்ணம் நிறையச் செய்துவந்து அவளே ஊட்டினாள். மனசைத் திடப்படுத்திக்கொண்டுதான் ஊட்டினாள். பாதிக் கிண்ணம் வரை ஒரு குறையும் இல்லை. பாதிக்கு மேல் இருமல் வந்தது. அன்று களைப்பு என்று விட்டுவிட்டோம். மறுநாளும் அப்படியே. பாதி வரை சுகம், அதற்கு மேல் இருமல், கண்ணில் தண்ணீர். ஜெயராணி கிண்ணத்தை ஸ்டூலில் வைத்துவிட்டு எழுந்துகொண்டாள்.

"எனக்கு ராசியில்ல. டேய் சகாயம், நீ ஊட்டு. நான் வெளிய இருக்கேன்."

மதுரைக்குப் போகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பாதிக் கிண்ணத்தோடு நிற்கிற தொண்டையை வைத்துக்கொண்டு அந்தப் பரீட்சையில் எப்படித் தேறுவது? வயிற்றுத் துளை நிச்சயம் என்றே தோன்றியது.

சகாயம் ஊட்டினான். பாதி வரை சுகம், பிறகு இருமல்.

அங்கேதான் எனக்குள் இருந்த மெக்கானிக் விழித்துக்கொண்டான். ஒரு மோட்டார் திரும்பத் திரும்ப எரிந்தால் முதலில் ஆளை மாற்றிப் பார்ப்பேன். வேறு ஆள் ஓட்டியும் எரிந்தால் பழுது ஆளிடம் இல்லை, வேறெங்கோ இருக்கிறது. ஜெயராணி ஊட்டினாலும் இருமல், அவள் தம்பி ஊட்டினாலும் இருமல். அப்படியானால் கையில் ஒன்றும் இல்லை. தொண்டை களைத்துப்போகிறதா என்றால், பயிற்சியில் நான் எத்தனையோ தடவை எச்சில் விழுங்குகிறேன், களைப்பதில்லை. மிச்சம் இருப்பது சூப் மட்டும்.

"மாப்ள, அந்த மிச்சத்தக் காட்டு."

அவன் கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டினான். தண்ணீராக ஓடியது! காலையில் கரண்டியில் நின்ற அதே சூப், ரசம் மாதிரி ஓடியது.

"ஆறிப் போச்சுல்ல, அதான்," என்றான்.

"ஆறினா இறுகும்டா. இது எளகிருக்கு. ஃபிளாஸ்க்ல இன்னும் இருக்கா?"

இருந்தது. அதை வேறொரு தம்ளரில் ஊற்றச் சொன்னேன். கெட்டியாகத் தொப்பென்று விழுந்தது. ஒரே அடுப்பு, ஒரே பாத்திரம், ஒரே வேளை. ஒன்று நிற்கிறது, இன்னொன்று ஓடுகிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஒன்றில் என் வாய்க்குப் போய்வந்த கரண்டி விழுந்திருக்கிறது, இன்னொன்றில் விழவில்லை. அந்தக் கரண்டியையே நல்ல தம்ளரில் விட்டு நாலு சுற்றுச் சுற்றச் சொன்னேன். பேச்சுச் சத்தம் கேட்டு ஜெயராணியும் உள்ளே வந்துவிட்டாள், மூன்று பேரும் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தோம். செத்த நேரத்தில் அதுவும் இளகத் தொடங்கியது. எனக்கு உண்டான சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! எரிந்த காயிலில் அறுந்த இடத்தைக் கண்டுபிடித்தால் வருகிற அதே சந்தோஷம்.

நஸ்ரின் வந்ததும் இரண்டையும் காட்டினேன். தலையில் கைவைத்துக்கொண்டாள். எச்சிலில் மாவைக் கரைக்கிற சத்து ஒன்று இருக்கிறதாம். சோற்றை நெடுநேரம் மென்றால் இனிக்கிறதே, அதனால்தான். சோளமாவு போட்டுக் கெட்டியாக்கிய சூப்பில் எச்சில் கலந்தால் கெட்டித்தன்மையை அது தின்றுவிடும்.

"மொதல்லயே சொல்லிருக்கணும்மா. நான் தனிக் கரண்டிலதான் எடுத்துத் தருவேன், நீங்களும் அப்படித்தான் செய்வீங்கன்னு நெனச்சிட்டேன். நம்ம வீடுகள்ல எச்சில் கரண்டிய யாரு பாத்திரத்துக்குள்ள விடுவா?"

அவள் கேட்டது நியாயம்தான். அதிலும் ஜெயராணி! எங்கள் வீட்டில் செம்பை வாயில் வைத்துக் குடித்தால் சண்டை நடக்கும். குழம்புக்கரண்டி யார் தட்டிலாவது பட்டுவிட்டால் கழுவாமல் சட்டிக்குள் போகாது. அவள் சமைக்கும்போது ருசி பார்க்கவே மாட்டாள், கொதிக்கிற ஆவியிலேயே உப்புப் பார்த்துவிடுவாள். அப்படிப்பட்டவளா என்று அவளைப் பார்த்தேன்.

"நோயாளிகிட்ட என்ன எச்சி பாக்குறது? கரண்டிய மாத்தி மாத்தி ஊட்டினா அருவருப்புப் படுறேன்னு நீங்க நெனச்சிருவீங்களோன்னு..." என்று சொல்லி நிறுத்திவிட்டாள். இருபத்தைந்து வருடமாக யாருக்காகவும் தளர்த்தாத வழக்கத்தை எனக்காகத் தளர்த்தியிருக்கிறாள். அதுதான் என்னை இரும வைத்தது. முன்னோர் எச்சில் பார்த்ததெல்லாம் விஞ்ஞானம் என்று வாட்ஸப்பில் யாரும் இதைப் போட்டுவிட வேண்டாம். அவர்களுக்குச் சோளமாவும் தெரியாது, சூப்பும் தெரியாது.

அதற்குப் பிறகு இரண்டு கரண்டி. ஒன்று கிண்ணத்துக்கு, ஒன்று என் வாய்க்கு. கிண்ணத்துக் கரண்டி என் கரண்டியில் ஊற்றும், தொடாது. கிண்ணம் முழுவதும் இருமாமல் சாப்பிட்டேன். சூப் வைத்தது ஜெயராணி, ஊட்டியது சகாயம். அவள் கை காரணமில்லை என்று நான் எவ்வளவு நிரூபித்தும் அவள் கரண்டியைத் தொடவில்லை. "ரசம் குடுத்தது என் கைதான?" என்றாள். அதற்கு என்னிடம் சோதனை எதுவும் இல்லை.

மதுரையில் காத்திருக்கிற கூடத்தில் எல்லாரும் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தார்கள். எக்ஸ்ரேயில் தெரிகிற சுண்ணாம்பு போன்ற ஒரு மருந்தை உணவில் கலந்து கொடுப்பார்கள், விழுங்கும்போது உள்ளே படம் ஓடும். நான் பக்கவாட்டில் உட்கார்ந்தேன். திரையை என் பக்கம் திருப்ப முடியுமா என்று கேட்டேன். அங்கிருந்த டாக்டர் ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் திருப்பினார்.

முதலில் கெட்டியானதைக் கொடுத்தார்கள். என் தாடையெலும்பு, கழுத்தெலும்பு, நடுவில் கரும் திட்டாக உணவு. அது நாக்கின் பின்பக்கம் வந்து நின்றது. நின்றது என்றால் உண்மையிலேயே நின்றது. குரல்வளை ஏறியது, அந்த மூடி கவிழ்ந்தது, கரும் திட்டு அதன் மேல் வழுக்கிப் பின்னால் இறங்கிவிட்டது. ஒரு சொட்டுக்கூட முன்பக்கம் போகவில்லை. "இன்னொரு தடவை போட்டுக் காட்டுவீங்களா?" என்றேன். போட்டார். அடுத்தது தண்ணீர். அது காத்திருக்கவில்லை. மூடி கவிழ்வதற்குள் ஒரு கோடு முன்பக்கம் நழுவியது, உடனே இருமி வெளியே தள்ளினேன்.

"கெட்டியானது எல்லாம் தைரியமா சாப்பிடலாம். தண்ணி மட்டும் கொஞ்ச நாளைக்குக் கெட்டியாக்கிக் குடிங்க. வயித்துல டியூப் வேண்டாம்," என்றார். மூக்குக் குழாயை அங்கேயே உருவிவிட்டார்கள். வெளியே வந்தேன். சக்கர நாற்காலிக்குப் பின்னால் வந்த சகாயம், வெளியே காத்திருந்த தன் அக்காவுக்குக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டியிருப்பான் போல. ஜெயராணி குழாய் இல்லாத என் மூக்கையே பார்த்தாள். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்று மத்தியானம் சகாயத்துக்குத் தோட்டத்தில் பறிப்பு. சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். நானும் அவளும் மட்டும் இருந்தோம். அடுப்படியில் அரைக்கிற சத்தம், கிண்டுகிற சத்தம் எல்லாம் கேட்டன. வந்தபோது அவள் கையில் இரண்டு கிண்ணங்கள் இருந்தன.

"ஒங்க முன்னாடி சாப்ட்டு எம்புட்டு நாளாச்சு. நானும் இதையே சாப்பிடுறேன்," என்று எதிரில் உட்கார்ந்தாள்.

தன் கிண்ணத்திலிருந்து ஒரு வாய் எடுத்து வைத்தாள். இன்னொரு வாய் வைத்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இதுல உப்பே இல்லையே."

"ம்."

"புளிப்பும் இல்ல, ஒறப்பும் இல்ல. பசையக் காய்ச்சின மாதிரி இருக்கு. இதையாங்க இம்புட்டு நாளும் நல்லாருக்கு நல்லாருக்குன்னு சாப்ட்டீங்க?"

"ஆமா."

"ஏங்க அப்டிச் சொன்னீங்க?"

"நல்லாயில்லன்னு சொன்னா நீ மறுபடி அடுப்புப் பக்கம் போயிருக்க மாட்ட."

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். சிரிக்கத்தான் தொடங்கினாள், அது பாதியில் அழுகையாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் அத்தனை நாளும் அழாதவள் தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்க அழுதாள். நான் இடது கையை நீட்டி அவள் முழங்காலைத் தொட்டேன். கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். என் கிண்ணத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கிண்ணத்துக் கரண்டியால் அள்ளி என் கரண்டியில் ஊற்றினாள். அவள் கை என் முகத்தருகே வந்தது.

"வாயத் திறங்க," என்றாள்.

திறந்தேன்.